ராசாத்திக்கு ஊற்றிய பால்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நிறைமதி என்று பேர் வைத்திருக்கிறோம். இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க என்னால் முடிவதில்லை. கடைக்காரர், பஸ் டிரைவர் என்று யாரைப் பார்த்தாலும் போனை எடுத்துப் படத்தைக் காட்டிவிடுகிறேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது பக்கத்து வீட்டு உஷாம்மாவைப் பற்றி.

என் மகன் கதிர் ஆக்லாந்து நகரத்தில் ஒனிஹங்கா என்கிற பகுதியில் இருக்கிறான். ஒரே கார்ப்பாதையில் முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு. பின்னால் நாங்கள். முன்னால் உஷாம்மாவும் அவர் வீட்டுக்காரர் யசீகரனும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். சண்டைக் காலத்தில் வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். ஒரே மகள், கல்யாணமாகி சிட்னிக்குப் போய்விட்டாள். யசீகரன் தகனினி என்கிற இடத்தில் ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மோட்டர்வேயில் கார்கள் கூடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று இருட்டோடு கிளம்பிவிடுவார்.

நான் வந்த புதிதில் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட என் வீட்டுக்காரி அன்னம் இருக்கிறாள். சமைக்கவும் அன்னம்தான். பிள்ளையைத் தூக்கப் போனால், "தலையப் புடிங்க, தலையப் புடிங்க" என்று மருமகள் அஸ்வினி பதறுகிறாள். அதனால் பிள்ளைத் துணிகளைக் கொடியில் காயப்போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு காலையில் சின்னச் சின்ன சட்டைகளுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணை, நீங்கள் பேபியின்ர தாத்தாதானே?"

"ஆமாம்மா. பேத்தி. நிறைமதின்னு பேரு."

"நல்ல பேர். உங்களுக்குக் கை நடுங்குமோ?"

"எதுக்கும்மா கேக்கீங்க?"

"ஒரு பூனையைப் பிடிக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் லாரிகளில் பருத்தி மூட்டை ஏற்றி இறக்கியவன் நான். "மூட்டை தூக்குன கைம்மா இது. ஒரு பூனையத் தூக்க மாட்டனா?" என்றேன்.

"தூக்கிறதில்லை அண்ணை. நசிக்காமப் பிடிக்கோணும். அதுதான் கஷ்டம்."

போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முன்னறையில் ஜன்னல் திரைக் கம்பியில் துணி மாட்டும் ஹேங்கர், அதில் சலைன் பை, அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் ஊசி. மேசைமேல் துண்டு விரித்து அதில் ஒரு பூனை படுத்திருந்தது. வெள்ளையும் சாம்பலும் கலந்த நீள முடி. ஒரு காலத்தில் பெரிய அழகியாக இருந்திருக்க வேண்டும். இப்போது முடிக்கு அடியில் முதுகெலும்பு மணி மணியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. வாயோரம் எச்சில் வழிந்து நெஞ்சு முடி சடையாகியிருந்தது.

"ரெண்டு கிட்னியும் போட்டுது," என்றார் உஷாம்மா. "ஒவ்வொரு நாளும் தோலுக்குக் கீழ தண்ணி ஏத்தோணும். இவர் வேலைக்குப் போனாப் பிறகு பிடிக்க ஆள் இல்லை."

நான் பிடித்தேன். அவர் கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைச் செருகினார். தண்ணீர் இறங்க இறங்க தோளில் ஒரு கட்டி எழும்பி, மெல்ல முன்னங்காலை நோக்கிச் சரிந்தது. பூனை கத்தவில்லை. என் கட்டைவிரலில் தாடையை வைத்துக்கொண்டு, நான் யார் என்று விசாரிப்பது மாதிரி என்னையே பார்த்தது. எங்கள் பக்கம் பூனை என்றால் குறுக்கே போகும், எலி பிடிக்கும், ஒரு நாள் காணாமல் போகும். அதற்கு மேல் ஒரு பூனையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு அந்தத் தாடையின் கனத்தை மட்டும் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"எங்க போயிருந்தீக?" என்றாள் அன்னம்.

சொன்னேன்.

"பூனையத் தொட்ட கையோடயா புள்ளகிட்ட வாறீக? போங்க, போய் சோப்புப் போட்டுக் கழுவுங்க. சட்டையையும் மாத்துங்க. அறிவு கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

அதிலிருந்து தினமும் இதுதான். காலையில் பூனை, அப்புறம் குளியல், அப்புறம் பேத்தி. இங்கே பூனை எலும்பாகிக்கொண்டே வந்தது. அங்கே பேத்தியின் கை கால்களில் மடிப்பு விழ ஆரம்பித்தது. ஒரே நாளில் இரண்டையும் இதே கையால் பிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்னம் முகத்தைக் கழுவச் சொல்லி மறுபடியும் அனுப்புவாள்.

பூனையின் பேர் டச்சஸ். ராஜ குடும்பத்துப் பெரிய பொம்பளை என்று அர்த்தமாம். உஷாம்மா அதை ராசாத்தி என்று மாற்றிவிட்டார். ஆனால் அது அவருடைய பூனை இல்லை. அவர் வளர்த்த எந்தப் பூனையும் அவர் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை.

உஷாம்மா வேலை பார்ப்பது மேட்டில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில். வயதானவர்களைக் குளிக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் போடுவது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் டாக்ஸியில் வந்து வாசலில் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். மடியில் ஒரு பூனை. இல்லத்தில் பூனைக்கு இடமில்லை. மகன் கெஞ்சுகிறான், மேனேஜர் கெஞ்சுகிறார், கிழவர் அசையவில்லை. தேநீர் குடிக்க வெளியே வந்த உஷாம்மா போய்க் கையை நீட்டி, "கிவ். ஐ டேக்" என்றாராம். அப்போது அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவுதான். கிழவர் அவர் முகத்தைப் பார்த்தார், பூனையைக் கொடுத்தார், இறங்கி உள்ளே போனார்.

அதோடு அது வழக்கமாகிவிட்டது. யாராவது பூனையோடு வந்தால் உஷாவைக் கூப்பிடு. ஆள் கிழம் என்றால் பூனையும் கிழம்தானே. வரும்போதே ஒன்றுக்குக் கண் தெரியாது, ஒன்றுக்கு சர்க்கரை, ஒன்றுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். குட்டியாக ஒரு பூனையைக்கூட அவர் பார்த்ததில்லை. எல்லாமே அவர் கையில் சாகத்தான் வந்தன.

யசீகரன் இதை வைத்தே அவரைக் கிண்டல் செய்வார். "அண்ணை, இவவுக்கு ரெண்டு ரெஸ்ட் ஹோம். ஒண்டில சம்பளம் குடுக்கிறாங்கள். மற்றதில என்ர சம்பளம் போகுது."

"உங்களையும் அதுக்குள்ளதான் வச்சுப் பாக்கிறன். பேசாம இருங்கோ," என்பார் உஷாம்மா.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் மரக்கறிதான். சாமிப் படம் சமையலறையில் இருக்கிறது. அதனால் அன்று ராசாத்திக்கு மீன் வேக வைக்கக் கராஜில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றிவிட்டுக் கராஜுக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு மீனை வேக வைத்து முள் எடுப்பார். திரும்பி வந்து மறுபடி குளிப்பார்.

ராசாத்தியைக் கொடுத்தவர் பெவர்லி அம்மா. தொண்ணூறு வயதைத் தாண்டியவர். வைகாட்டோ பக்கம் புருஷனோடு மாட்டுப் பண்ணை நடத்தியவர். கால் போனது, ஆனால் புத்தி சுத்தமாக இருந்தது. பூனையை விட்டுப் பிரிந்த அன்றைக்கு அவர் அழவில்லையாம். கையை மட்டும் மடியில் வைத்து விரித்து விரித்து மூடினாராம். அதைப் பார்க்கப் பொறுக்காமல் உஷாம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "நீங்கள் இருக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் இவளைக் கொண்டுவந்து காட்டுவேன்."

"ஆறுதலுக்குச் சொன்னது, அண்ணை," என்றார் என்னிடம். "ஆனா சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறேல்லை. மகள் சிட்னியில பிள்ளை பெறேக்கக்கூட ஞாயிறு கழிச்சுத்தான் பிளேன் ஏறினனான்."

இப்போது ராசாத்தி போகிறது, பெவர்லி அம்மா இருக்கிறார். அதுதான் உஷாம்மாவின் கஷ்டம்.

நான் போய் உதவ ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே ராசாத்தி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வாய்க்குள் புண். மீனை மோந்து பார்க்கும், ஒரு தரம் நக்கும், சுள்ளென்று வலித்ததும் தலையை உதறிவிட்டு ஓடி செருப்பு வைக்கிற அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உஷாம்மா கோழியை அரைத்துத் தண்ணீராக்கி ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரம் விடுவார். பாதி உள்ளே போகும், பாதி என் சட்டையில். சில நாள் அது தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, குடிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

மிருக டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். உஷாம்மா கார் ஓட்ட, கூண்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். ராசாத்தியைத் தடவித் தடவிப் பார்த்தார். மெதுவாகப் பேசினார். எனக்கு மொழி புரியவில்லை, ஆனால் உஷாம்மாவின் முகம் புரிந்தது.

காருக்கு வந்ததும், "ஊசி போட்டு நித்திரையாக்கிறது நல்லமாம்," என்றார். "வியாழக்கிழமை வீட்டை வந்தே செய்வாவாம். நான் ‘சரி’ எண்டு சொன்னாக் காணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

சாயங்காலம் யசீகரன் வந்ததும் அவர்கள் வீட்டு வாசல்படியிலேயே பேச்சு நடந்தது. நானும் நின்றேன்.

"டொக்டர் சொன்னாச் செய்யன். பிறகென்ன?" என்றார் யசீகரன்.

"நீங்கள் போன் எடுத்துச் சொல்லுங்கோவன்."

"நானோ? பூனை உன்ர. எனக்கு என்ன தெரியும்?"

"பாத்தீங்களோ அண்ணை? இவருக்கும் வாய் வராது." அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். "ரெஸ்ட் ஹோமில எத்தினை பேரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். எல்லாரும் தங்கட பாட்டில போனவை. நான் ஒருத்தரையும் போ எண்டு சொல்லேல்லை. முந்தின பூனையளும் அப்பிடித்தான், நித்திரையில போயிட்டுதுகள். இவ மட்டும் என்ர வாயால கேக்கோணும் எண்டு நிக்கிறா."

"பெவர்லிக்கு என்ன சொல்லுவாய்?" என்று கேட்டார் யசீகரன்.

உஷாம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இருந்தாலும் மறுநாள் ராசாத்தி நடக்கும்போது பின்னங்கால் மடங்கி விழுந்ததைப் பார்த்ததும் அவரே போன் எடுத்து வியாழக்கிழமைக்கு டாக்டரை வரச் சொல்லிவிட்டார். போனை வைத்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்னம் வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்கட ஊரில சாகக் கிடக்கிற ஆக்களுக்குப் பால் குடுக்கிறதெல்லோ?"

"ஆமா, பால் ஊத்துவோம். இழுத்துக்கிட்டுக் கெடந்தா சொந்தக்காரங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு சொட்டு ஊத்துவாங்க. மனசாறிப் போயிரும்."

"எங்கட ஊரிலயும் பால் பருக்கிறது. பூனைக்கும் செய்யலாமோ?"

அன்னம் பூனை என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள். ஆனால் அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உசிருதானே. ஊத்துங்க," என்றாள். "ஊசிக்கு முன்னாடி அதுவாவே போயிட்டா உங்களுக்கும் பாரம் இல்ல." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நின்னு பாத்துக்கிட்டிருக்கீகளே, போய் நல்ல பாலா வாங்கிட்டு வாங்க," என்றாள்.

மூலைக் கடையை இங்கே டெய்ரி என்கிறார்கள். மிட்டாய், சிகரெட் எல்லாம் விற்கிற கடைதான். அங்கே போய் நீல மூடி போட்ட கெட்டிப் பால் வாங்கி வந்தேன்.

உஷாம்மா சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்த வெள்ளிக் கரண்டியில் பாலை எடுத்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அந்தத் துண்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. முதலில் அவர் வாயோரம் ஒரு சொட்டு விட்டார். "போயிட்டு வாங்கோ, ராசாத்தி. நான் பெவர்லிக்குச் சொல்லுறன்," என்றார். அடுத்தது யசீகரன். அன்றைக்கு அவருக்கு லீவு. அவர் கை ஆடி, பால் பூனையின் மூக்கில் விழுந்தது. பிறகு நான். அன்னம்கூடத் தள்ளி நின்று கையை நீட்டி ஒரு சொட்டு விட்டாள்.

ராசாத்தி மூக்கை நக்கியது. அப்புறம் கரண்டியை நக்கியது. பிறகு தலையைத் தூக்கி, பாத்திரம் எங்கே என்று தேடியது.

"ஐயோ, குடிக்கிறா!" என்றார் உஷாம்மா.

கிண்ணத்தில் ஊற்றி வைத்தோம். நாலு நாளாக எதையும் தொடாத பூனை, சத்தம் கேட்கும்படி நக்கிக் குடித்தது. குடித்துவிட்டு ஜன்னலோரம் தள்ளாடிப் போய் உட்கார்ந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. அது தன்னைச் சுத்தம் பண்ணி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யசீகரன் கைதட்டினார். "பால் ஊத்தி அனுப்பச் சொன்னா, பால் ஊத்தி எழுப்பிப்போட்டியளே!"

"பாத்தீங்களாம்மா, புடிச்சுக்கிருச்சு!" என்று நானும் குதித்தேன். "இன்னும் நாலு மாசம் இருக்கும் பாருங்க!"

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க இரண்டு வீடும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அஸ்வினி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று ராசாத்தியைக் காட்டினாள். உஷாம்மா உள்ளே போய்ப் போன் எடுத்து, வியாழக்கிழமை வர வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஏதோ சொல்லியிருக்கிறார். உஷாம்மா, "நோ, நோ, ஷி ட்ரிங்க்கிங் நைஸ்லி," என்று திரும்பத் திரும்பச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை குடித்த பாலெல்லாம் வாந்தியும் பேதியுமாக வெளியே வந்துவிட்டது. சனிக்கிழமை மழை. மதியத்துக்கு மேல் ராசாத்திக்கு முதல் வலிப்பு வந்தது. நான் போனபோது அது தரையில் ஒரு பக்கமாகக் கிடந்து நாலு காலையும் ஓடுவது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம். பூனையின் சத்தம் மாதிரியே இல்லை. உஷாம்மா பக்கத்தில் முழங்காலிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், தொடவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல். வலிப்பு நின்ற பிறகு அது எழுந்து எங்களைத் தெரியாதது மாதிரி சுவரில் போய் முட்டியது.

"தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்," என்றேன்.

"நாளைக்கு ஞாயிறு, அண்ணை. பெவர்லி ஒருக்காப் பாக்கட்டும். அவ பாத்து, அவ சொல்லட்டும். அவவின்ர பூனைதானே."

அவர் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு ராத்திரிதானே என்று எனக்கும் தோன்றியது. எனக்கு வேறு என்ன தெரியும்? மறுநாள் காலையில் யசீகரனின் முகத்தைப் பார்த்தபோது அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று தெரிந்தது. "ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடிச்சுக்கொண்டிருந்தம்," என்றார்.

கூண்டில் வைக்க முடியவில்லை. துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். மேட்டுச் சாலையில் கார் ஏறும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது லேசாக விறைத்தது. கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை இல்லை.

பெவர்லி அம்மா தன் அறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுத்தமாகத் தலை வாரி, கழுத்தில் முத்து மாலை. ஞாயிற்றுக்கிழமைக்கு அலங்கரித்துக்கொள்வாராம். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் துண்டோடு ராசாத்தியை அவர் மடியில் வைத்தேன். அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஒரு மாட்டைப் பார்க்கிற மாதிரி, தெரிந்த கையோடு பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது.

அங்கே பேசியதை உஷாம்மா பிறகு காரில் எனக்குத் தமிழில் சொன்னார். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"உஷா, இவள் ஏன் இன்னும் இருக்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார் பெவர்லி அம்மா.

"உங்களுக்காகத்தான். நான் வாக்குக் கொடுத்தேனே."

"எனக்காகவா?" அவர் வெகு நேரம் பூனையின் காதைத் தடவினார். "என் பண்ணையில் ஒரு கன்று இப்படிக் கிடந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். போன ஞாயிறே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நீ அவளோடு எவ்வளவு பாடுபடுகிறாய் என்று பார்த்தேன். உனக்குத்தான் அவளை விட மனசில்லை என்று நினைத்துவிட்டேன்."

உஷாம்மா அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள். உங்கள் பூனை. நீங்கள் போகட்டும் என்று சொன்னால் நான் கொண்டு போகிறேன்."

பெவர்லி அம்மா தலையை ஆட்டினார். எனக்கு மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தலையாட்டல் புரிந்தது. "நான் கொடுத்த அன்றைக்கே அவள் உன்னுடையவள், உஷா. என்னிடம் கேட்காதே." குனிந்து பூனையின் நெற்றியில் உதட்டை வைத்தார். பிறகு துண்டை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் தூக்கிக் கொடுத்தார். கண்ணில் நீர் இல்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அடுத்த வலிப்பு வந்துவிட்டது. என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். நசுக்காமல் எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற ஒரு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனதுமே சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள், உஷாம்மா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு டாக்டர், நடுவயசு ஆம்பளை, ராசாத்தியின் முன்னங்காலில் முடியைச் சிரைத்து மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினார். வலி தெரியாமலிருக்க முதலில் ஒரு மருந்து கொடுத்தார். விறைத்துக் கிடந்த உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. பிறகு இன்னொரு சிரிஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு உஷாம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கையெழுத்து இருந்தாலும் வாயால் கேட்டுக்கொண்டுதான் செய்வார் போலிருக்கிறது.

உஷாம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். நான் சொல்லலாம். ‘யெஸ்’ என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் பூனை என்னுடையது இல்லை, நாடும் என்னுடையது இல்லை. பால் குடித்த அன்றைக்கு நான் வாயைத் திறந்து பேசிய பேச்சும் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. உஷாம்மாவின் கை ராசாத்தியின் கழுத்தை அணைத்து, அந்தக் குழாய் இருந்த காலை மறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். டாக்டர் அதைப் புரிந்துகொண்டார்.

எவ்வளவு சீக்கிரம் முடிந்தது தெரியுமா? ஒரு மூச்சு, அடுத்த மூச்சு வரவில்லை. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பின் தோட்டத்தில் ஃபெய்ஜோவா மரத்துக்கு அடியில் யசீகரன் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மழையில் களிமண் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கி நானும் கொஞ்சம் வெட்டினேன். துண்டோடு உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினோம். யசீகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உஷாம்மா குந்தி உட்கார்ந்து களிமண் கட்டிகளைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை டொக்டர் வந்திருந்தா, வெயிலில படுத்திருக்கேக்கயே போயிருப்பா, என்ன அண்ணை?"

"நம்ம என்னம்மா கண்டோம்? பால் குடிச்சுச்சே."

"அதுதான். குடிச்சா." அவர் இன்னொரு கட்டியை எடுத்தார். "அந்த டொக்டருக்கு நான் ‘ஓம்’ எண்டு சொன்னனானோ?"

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் சொல்லல."

"பின்ன ஆர் சொன்னது?"

பக்கத்தில் நின்றேன். மண்வெட்டியைக் கழுவலாமா, வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. இப்போதெல்லாம் அவள் அழுகை வலுத்துவிட்டது, வேலியைத் தாண்டிக் கேட்கும்.

"போங்கோ அண்ணை," என்றார் உஷாம்மா, தலையைத் தூக்காமல். "பசியா இருக்கும் பிள்ளைக்கு. போங்கோ."

"நீங்க?"

"நான் வாற ஞாயிறு என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

நான் போனேன். போகாமல் இருந்தாலும் அங்கே என்னால் ஆவது ஒன்றுமில்லை.